மூன்றாம் நம்பர் டோக்கன்

படகோட்டி பலகையை மறுபடியும் பார்த்தார். மூன்றாம் நம்பர் கொக்கி காலியாகவே இருந்தது.

கடலுக்கடியில் நீந்தக் கூட்டிப் போகிற அந்தப் படகில் ஒரு வழக்கம் உண்டு. இறங்குகிறவர் பலகையிலிருந்து தன் டோக்கனை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும், ஏறியதும் திரும்ப மாட்ட வேண்டும். மனுஷன் பொய் சொல்லுவான், பலகை சொல்லாது என்பது படகோட்டியின் வேதவாக்கு. எண்ணிப் பார்க்கிற வேலையெல்லாம் அவருக்குப் பிடிக்காது.

வானம் கறுத்து முதல் இடி இடித்ததுமே சுத்தியலால் இரும்பு ஏணியைத் தட்டினார். சத்தம் கேட்டு, வழிகாட்டியாகப் போயிருந்த அவர் தம்பி எல்லோரையும் மேலே ஏற்றிவிட்டுத் தானும் ஏறினான். வாடிக்கையாளர்கள் மொத்தம் ஐந்து பேர். பலகைக்குத் திரும்பியது நாலு டோக்கன்.

மற்றவர்களைக் கேட்டால், கலங்கல் தண்ணீரில் யார் முகமும் தெரியவில்லை, பின்னால் வருகிறார் என்று நினைத்தோம் என்றார்கள். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

“மின்னல் வெட்டுதுண்ணே. கொஞ்சம் அடங்கட்டும், போறேன்” என்றான் தம்பி.

மின்னலடிக்கும்போது தண்ணீரில் காலை நனைக்காதே என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவர் படகோட்டி. இன்றைக்கு அவருக்கே அது மறந்துபோயிற்று.

“அடங்குறதுக்குள்ள அந்தாளுக்குக் காத்து தீர்ந்துடும். போடா.”

ஆளுக்கொன்றாகக் கொண்டுவந்த ஆறு சிலிண்டர்களில் ஒன்று மட்டும் முழுசாக இருந்தது. கடவுள் கண் திறந்தார் என்று நினைத்தபடி அதைத் தம்பியின் முதுகில் அவரே கட்டிவிட்டார். தம்பி குதித்தான்.

பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. கண்ணைப் பறிக்கிற வெளிச்சத்தோடு ஒரு மின்னல் படகுக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் இறங்கியது. அதுவரை தெரிந்துகொண்டிருந்த குமிழிகள் அதன்பிறகு வரவில்லை.

படகோட்டி சுத்தியலை எடுத்து ஏணியைத் தட்டினார். கை ஓயத் தட்டினார். தம்பியின் பேரைச் சொல்லி அழவும் செய்தார்.

சத்தத்தில் முன்பக்க அறையின் கதவு திறந்தது. பைகளுக்கு நடுவிலிருந்து தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தவரின் கழுத்தில் டோக்கன் ஆடியது.

“மன்னிச்சுக்கங்கண்ணே, வாந்தியா வந்துச்சு. நான் இறங்கவே இல்ல.”