தேயாத பிளேட்

"அதைப் பிரிக்காதடா. பேசாம எடைக்குப் போட்டுடலாம்," என்றார் அப்பா, மூன்றாவது முறையாக.

வீட்டு ஷெட்டில், பழைய காருக்கு அடியில் படுத்திருந்த நான் சிரித்தேன். "கிளட்ச்சை மாத்தினா குதிரை மாதிரி ஓடும்ப்பா. முதல் சவாரி உங்களுக்குத்தான்!"

"வேணாம்டா, சொன்னா கேளு."

அதற்குள் கியர்பாக்ஸை இறக்கியிருந்தேன். கிளட்ச் பிளேட்டைக் கழற்றித் துடைத்துப் பார்த்தேன். கொஞ்சமும் தேயவில்லை.

"அப்பா, இது நல்லாத்தானே இருக்கு? கிளட்ச் போனதாலதான் அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போக முடியல, அம்மாவைக் காப்பாத்த முடியலன்னு சொன்னீங்க?"

அடியிலிருந்து அவர் கால்கள் மட்டுமே தெரிந்தன. இடது கால் வெடவெடவென்று நடுங்கியது.

"அன்னைக்கும் இப்படித்தான்டா நடுங்குச்சு. பின்சீட்ல அவ மூச்சுக்குத் தவிக்கிறா... என்னால கிளட்ச்சை அமுக்கவே முடியல."