உப்பேறிய ஏரி

ஏரியின் நடுவில் எல்லாத் தவளைகளும் ஒரே பச்சை. நிறம் மாறிப் பிறந்தவர்களைக் கடலை ஒட்டிய ஓரத்துக்கு விரட்டிவிடுவது அங்கே வழக்கம். மல்லன் தன் தங்கை சாம்பியைக்கூட அப்படித்தான் விரட்டியிருந்தான்.

ஒரு புயலில் கடல் ஏரிக்குள் புகுந்தது. நடுவில் தலைப்பிரட்டை ஒன்றுகூட மிஞ்சவில்லை. தன் வம்சம் இத்தோடு போயிற்றே என்ற பயத்தில், மல்லன் வளர்ந்த மகளைக் கூட்டிக்கொண்டு ஓரத்துக்குப் போனான்.

"வாங்கண்ணே. இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றாள் சாம்பி.

அதே உப்புத் தண்ணீரில் சாம்பலும் பழுப்பும் வரியும் புள்ளியுமாகத் தலைப்பிரட்டைகள் நீந்திக்கொண்டிருந்தன. ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை.

"இதுங்க மட்டும் எப்படிப் பொழச்சுது?"

"இங்க அலை தெறிக்காத நாள் ஏதுண்ணே? தாங்காதவங்க போயிட்டாங்க. தாங்கினவங்களோட பேரப்பிள்ளைங்க இதுங்க."

மல்லன் மறுபடியும் தண்ணீரைப் பார்த்தான். இவர்களையா வேண்டாமென்று தள்ளினோம்?

"என் மகளை உன் பையன் ஒருத்தனுக்கு எடுத்துக்குவியா, சாம்பி?"

"நிறம் பார்க்க வேண்டாமாண்ணே?"

அவன் மகளை அவள் பக்கம் மெல்ல நகர்த்திவிட்டான்.

அடுத்த மழையில், உப்பு இன்னும் இறங்காத நடு ஏரியில், அவன் பேரப்பிள்ளைகள் நீந்தினார்கள். யார் என்ன நிறம் என்று சொல்லத் தெரியாமல் மல்லன் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தான்.