நடுக்கண்ணாடி

"இன்னாடா, இந்தத் தடவையாவது கேட்டியா?"

"இல்லம்மா. மீனைப் பத்திதான் பேசினோம்."

"மூணு மாசமா மீனைப் பத்தியே பேசு. பொண்ணு வூட்டுக்காரங்க தானா வந்து கட்டிக்கோன்னு சொல்வாங்களா? நாமதான்டா வாயைத் தொறக்கணும்."

போன ஞாயிற்றுக்கிழமை படவேட்டில் அம்மா கெங்கம்மாள் சோறு போட்டபடி சொன்னது, ஜமுனாமரத்தூரில் கோபால்சாமி வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது சக்கரவர்த்திக்கு ஞாபகம் வந்தது. இன்று கேட்டே விடுவது என்று காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனான்.

கூடத்தில் போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். கேட்க வந்ததை விட்டுவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்தான்.

சக்கரவர்த்தி மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர். கோபால்சாமி கடலோர ஊரான மண்டபத்தில் கடல் மீன் வளர்க்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரோடு ஒரு கண்ணாடித் தொட்டியும் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்களும் மலையேறி வந்திருந்தன. மாதம் ஒருமுறை மெட்ராஸ் லாரியில் கேன் கேனாகக் கடல் தண்ணீர் வரும். அக்கம்பக்கத்தார் அதில் விரலை விட்டு நக்கிப் பார்த்து, கடலைப் பார்த்த திருப்தியோடு போவார்கள்.

பெரிய மீனுக்குச் சின்ன மீனைக் கண்டால் ஆகாது. விரட்டி விரட்டிக் கடித்தது. மலையில் மீனுக்கு வேறு வைத்தியர் இல்லாததால் சக்கரவர்த்தியைக் கூப்பிட்டார்கள். அவன் தொட்டியின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் செருகினான். "ரெண்டும் பத்து நாள் பாத்துக்கினே இருக்கட்டுங்க. கோவம் ஆறிடும்."

ஆறவில்லை. எட்டாம் நாள், ஒன்பதாம் நாள் யாரோ கண்ணாடியை உருவிச் சுவரோரம் சாய்த்துவிடுவார்கள். சின்ன மீனின் வால் கிழிந்திருக்கும். கூப்பிட ஆள் வரும். சக்கரவர்த்தி ஓடி வருவான். இப்படிப் பதினோரு முறை நடந்தாயிற்று. இன்று கண்ணாடியையே காணோம் என்று கோபால்சாமி போலீஸுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார். கழுவிய ஊறுகாய் ஜாடி ஒன்றில் சின்ன மீன் அடைக்கலமாகியிருந்தது.

போலீஸ்காரர் வேடியப்பன் நோட்டை எடுத்தார். "இதுல அடிக்கிறது புருஷன்தானே?"

"பெரிசுதாங்க பொம்பளை" என்றான் சக்கரவர்த்தி. "இந்த மீனுல அடி வாங்கறதுதான் புருஷன்."

வேடியப்பன் எழுதாமல் பேனாவை மூடினார். "அது கேஸுல வேணாம். எங்க வூட்லயும் படிப்பாங்க. கண்ணாடியை எடுத்தது யாருன்னு மட்டும் பாக்கலாம். தொட்டிகிட்ட யார் யார் வருவாங்க?"

"என் சம்சாரம் மங்கம்மா, மீன் நாத்தம்னு எட்டிக்கூடப் பாக்க மாட்டா. தீனி போடறது எம்பொண்ணு பூங்கோதை. மருந்து போடறது இந்தத் தம்பி" என்றார் கோபால்சாமி. குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வையின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "புள்ளைங்க மாதிரி வளர்த்தேன். வெளியாளா இருந்தா இனிமே இந்த வூட்டுப் படி ஏறக்கூடாது. வூட்டு ஆளா இருந்தா, செத்தாலும் பேச மாட்டேன்."

அந்த நேரம் பார்த்து பூங்கோதை காபி கொண்டுவந்தாள். அவள் வளையலிலிருந்து தண்ணீர் சொட்டியது. தாவணி முனையும் நனைந்திருந்தது.

சக்கரவர்த்தி அந்த ஈரத்தையே பார்த்தான். அடிப்பாவி, நீயா?

வேடியப்பனும் பார்த்துவிட்டார். "இன்னாம்மா, கையெல்லாம் ஈரமா..."

"நான்தாங்க எடுத்தேன்" என்று எழுந்து நின்றான் சக்கரவர்த்தி.

"இன்னாத்துக்கு?"

"இங்க அடிக்கடி வர்றதுக்குங்க."

"மீனைப் பாக்கவா?"

படியேற விடமாட்டேன் என்று அவர் சொன்னபிறகு இனி பயந்து என்ன ஆகப்போகிறது? கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"இல்லீங்க. ஐயா, பூங்கோதையை எனக்குக் கட்டிக் குடுங்க."



"டம்ளர் கழுவின ஈரத்துக்கா பழியைத் தலையில போட்டுக்கினீங்க?" என்று பூங்கோதை மெல்லக் கேட்டாள். சக்கரவர்த்தி கண்ணைத் திறந்தான். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

கோபால்சாமி எழுந்துபோய், சால்வைக்குள்ளிருந்து கண்ணாடித் துண்டை எடுத்துத் தொட்டியில் செருகிவிட்டு, "மங்கம்மா, ஒருவழியா மாப்பிள்ளை கேட்டுட்டாரு, இனிமே நான் இதை உருவ வேண்டியதில்ல" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.