'பி' பங்குக்கு ஒரு வெள்ளைக்காரர்

மாடிப்படியேறி வந்த பொன்னிறத் தலையைப் பார்த்ததும் பெய்ஃபெனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மழையில் தொப்பலாக நனைந்திருந்தாலும் ஆறடி உயரம், நீலக் கண், வெள்ளைக்காரர்.

அந்த ஷாங்காய் பங்குத் தரகு அலுவலகத்தில் அவள் பார்ப்பது 'பி' பங்குப் பிரிவு. வெளிநாட்டுக்காரர்கள் மட்டுமே டாலர் கொடுத்து வாங்கலாம் என்று அப்போது சட்டம். மூன்று மாதமாக ஓர் ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. இன்று மூன்று மணிக்குள் ஒரு கணக்காவது தொடங்காவிட்டால் நாளை முதல் வரவே வேண்டாம் என்று மேலாளர் ஷென் காலையிலேயே சொல்லிவிட்டார். இப்போது மணி இரண்டே முக்கால்.

கையைப் பிடிக்காத குறையாக அவரை உட்கார வைத்து, தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினாள். பாவம், அவர் வாயைத் திறக்க இடமே இல்லை. காப்பி நீட்டினாள். அவர் வேண்டாமென்று தலையசைத்து, மூலையிலிருந்த வெந்நீர் பிளாஸ்கைக் காட்டினார். வெறும் வெந்நீரை ஊதி ஊதி ரசித்துக் குடித்தார்.

அந்த நேரம் பார்த்து ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி வந்து நின்றார். அச்சு அசல் ஷாங்காய் முகம், ஷாங்காய்ப் பேச்சு.

"'பி' பங்கு வாங்கணும்மா."

"அது வெளிநாட்டுக்காரங்களுக்கு மட்டும்தான் அக்கா. உள்ளூர்க்காரங்களுக்குக் கீழ் மாடி."

"நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..." கைப்பையைத் திறக்கப் போனார்.

"அக்கா, பெரிய பார்ட்டி உக்காந்திருக்கார். என் பொழைப்பைக் கெடுக்காதீங்க."

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. எதிர் அலுவலகத்திலும் இதைத்தான் விற்கிறார்கள் என்று சொல்லிவிட்டு விடுவிடுவென்று இறங்கிப் போனார். விட்டது சனி என்று பெய்ஃபென் விண்ணப்பத்தை எடுத்தாள்.

மேலாளர் ஷென் தலையை நீட்டினார். "சிங்கப்பூர் பாஸ்போர்ட்டோட ஒரு ஷாங்காய் அம்மா வர்றேன்னு போன் பண்ணாங்களே, வந்தாங்களா?"

பெய்ஃபென் மாடிப்படியை எட்டிப் பார்த்தாள்; அந்த அம்மா எப்போதோ போயிருந்தார். போகட்டும், இவராவது கையில் இருக்கிறாரே. மூன்றாக இரண்டு நிமிடம்தான் இருந்தது. பேனாவை நீட்டிப் பாஸ்போர்ட் கேட்டாள்.

அவர் தம்ளரைக் கீழே வைத்து, அசல் ஷாங்காய்ப் பேச்சில் சொன்னார்.

"பாஸ்போர்ட்டா? மழைக்கு ஒதுங்கினேன்மா. ரஷ்யாவிலேர்ந்து வந்தது எங்க கொள்ளுத்தாத்தா. நான் சீனாக்காரன்."