குண்டாற்றுக்கு ஒரு படகு

"நீச்சல் தெரியாதவுகளுக்கு எங்க கடையில படகு குடுக்கிறதில்ல" என்றாள் முனீஸ்வரி.

மதன்குமாரின் முகம் வாடிவிட்டது. எம்.ரெட்டியபட்டியில் இருந்து இதற்காகவே வெயிலில் பைக்கை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வந்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"நீச்சல் தெரியும்னு சொல்லியிருந்தா?"

"குடுத்திருப்பேன். சொல்லியிருக்கலாமே."

"தண்ணிகிட்டப் போயி பொய் சொல்ல முடியுங்களா?" என்றான் அவன் பாவமாக.

பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிறது அந்தக் கடை. வலை, கயிறு, மீன் தீவனம், அதோடு மூன்று நான்கு சின்னப் படகுகள். பண்ணைக்குட்டையில் மீன் வளர்ப்பவர்கள்தான் வந்து வாங்குவார்கள். போன வருஷம் எங்கேயோ வாங்கின படகில் ஏறி, கல்குவாரித் தண்ணீரில் இரண்டு பேர் கவிழ்ந்துவிட்டார்கள். பிழைத்ததே பெரிய காரியம். அதிலிருந்து, முனீஸ்வரி கேட்கிறதைக் கேட்டுத் திருப்திப்பட்டால்தான் இந்தக் கடையில் படகு வெளியே போகும்.

மூலையில் உட்கார்ந்து வலைக்கு ஈயக்குண்டு கோத்துக்கொண்டிருந்தாள் கடையில் வேலை பார்க்கும் கருத்தம்மாள். "நல்லாக் கெஞ்சிக் கேளுங்க தம்பி. இவ மனசு வச்சாத்தான் உண்டு" என்றாள்.

"மீனு எங்க பிடிக்கப் போறீக?" என்று ஆரம்பித்தாள் முனீஸ்வரி.

"குண்டாத்துலதான். திருச்சுழிக்குத் தெக்க, ரோடே போகாத எடம். ஆறு வளையிற எடத்துல மடு மாதிரி ஒரு கெடங்கு இருக்கு. படகு இல்லாம அங்க போக முடியாது."

முனீஸ்வரி அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஆழம்?"

"ரெண்டாள் ஆழம்."

"இழுப்பு?"

"சாஸ்திதான்."

"மீனெல்லாம் என்ன அளவு?"

"இம்புட்டு" என்று இரண்டு கையையும் விரித்தான். கக்கத்தில் இருந்த ஹெல்மெட் விழுந்து கருத்தம்மாளின் காலடிக்கு உருண்டது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினாள்.

"இந்தக் காத்தடிக்கிற படகு எப்பிடி? மடிச்சு பைக்குலயே வச்சுக்கிறலாம்" என்றான்.

"கரை பூராம் கருவேல முள்ளு. ஒரு குத்து போதும், உள்ளார காத்து இருக்காது, நீங்க மட்டும்தான் இருப்பீக."

"அந்தப் பரிசலு?"

"பழகாதவுக ஏறினா ஒரே எடத்துல சுத்தும். சாயங்காலம் வரைக்கும் சுத்திட்டு ஏறின எடத்துலயே எறங்கலாம்."

கடைசியில் அவளே ஒரு பைபர் படகை இழுத்துப் போட்டாள். அடி தட்டையாக, அகலமாக இருந்தது. "ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம். அவ்வளவு லேசுல கவுறாது. ஏறி நின்னு பாருங்க."

ஏறி நின்றான். சிமென்ட் தரையில் கிடந்த படகில் இரண்டு பக்கமும் ஆடினான்.

"தரையிலயே இந்த ஆட்டம் ஆடுறீகளே."

"நீங்க பாத்துக்கிட்டு இருக்கிறதுனால ஆடுது."

முனீஸ்வரி சிரிக்கவில்லை. பக்கத்தில் தொங்கிய மிதவைச் சட்டையைத் தொட்டுக் காட்டினாள். "படகுல ரெண்டு பேரு. சட்டை ஒண்ணுதான் இருக்கு. யாருக்குப் போடுவீக?"

"எதுக்கு ஒண்ணு? ரெண்டா வாங்கிட்டுத்தான் கெளம்புவேன்."

"பாட்டிலு கீட்டிலு கொண்டு போறது உண்டா?"

"பிளாஸ்குல டீ கொண்டு போவேன். அதோட சரி."

"பெரிய மீனு மாட்டியிருக்கு. திடீர்னு தண்ணி கூடுது. என்ன செய்வீக?"

"தூண்டிலையும் சேத்து விட்டுட்டு வந்துருவேன். ஒரு மீனுக்காக வீட்டுல இருக்கிறவுகள அழவைக்க முடியுமா?"

"நீங்க இங்க வந்தது வீட்டுக்குத் தெரியுமா?"

அவன் தலையைச் சொறிந்தான். "அது மட்டும் தெரியாது. சொன்னா விடமாட்டாக."

முனீஸ்வரி படகின் விளிம்பை விரலால் தட்டியபடி யோசித்தாள். மதன்குமார் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கிற பிள்ளையைப் போலப் படகுக்குள்ளேயே நின்றான்.

"சரி. குடுக்கலாம்" என்றாள் கடைசியில். "ஆனா நீச்சல் பழகணும்."

"நாளைக்கே பழகுறேன்" என்றான். குதித்து இறங்கினான், ஹெல்மெட்டை எடுத்தான், அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பைக்கைக் கிளப்பினான். தெருமுனை திரும்பும் வரை ஹாரன் அடித்துக்கொண்டே போனான்.

கருத்தம்மாளுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை.

"ஏத்தா, குண்டாத்துல இந்த ரெண்டு வருசமா மணலத் தவிர என்னத்தக் கண்டோம்? அந்தத் தம்பி ரெண்டாள் ஆழம்ங்கிறாரு, நீயும் இழுப்பு எப்பிடின்னு கேக்குற. வெலையக்கூடக் கேக்காமப் போறாரு, நீயும் சொல்லல. அது போகட்டும், கடைக்கு வார ஆம்பளைக எல்லாத்தையும் வாய்க்கு வாய் அண்ணே அண்ணேம்ப. இவர ஒருவாட்டிகூட அப்பிடிக் கூப்பிடலையே, ஏன்?"

முனீஸ்வரி செல்போனில் இருந்த மதன்குமாரின் போட்டோவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். இப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தாள்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வாரோம்னு சொல்லிவிட்டவுக, புதன்கிழமையே தனியா வேவு பாக்க வந்து நின்னா, அவுகளப் போயி அண்ணேன்னு எப்பிடிக்கா கூப்பிடுறது?"