தொட்டியில் துடிப்பது

மதிய வெயில் கருவடிக்குப்பத்து ஆய்வுக்கூடத்தின் ஜன்னல் வழியே இறங்கி, கண்ணாடித் தொட்டியின் தண்ணீரையும் அதில் மூழ்கியிருக்கும் சிலிக்கோன் ரப்பர் இதயத்தையும் மஞ்சளாக்குகிறது. இறந்துபோன மீனவர் குப்பனின் ஸ்கேன் படத்தைப் பார்த்து ஆய்வாளர் கார்குழலி வார்த்தெடுத்த இதயம் அது. புது வால்வைச் சோதிப்பதற்காக ஒரு மோட்டார் அதைச் சுருக்கி விரித்துக்கொண்டிருக்கிறது. கேட்டுக் கேட்டு அந்தத் துடிப்பின் சத்தம் அவளுக்கு ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிட்டது. இன்றோடு சோதனை முடிகிறது. அணைப்பதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று கேட்டிருந்த குப்பனின் மனைவி அன்புசெல்வி, மீன் விற்ற கையோடு குருசுக்குப்பத்திலிருந்து வந்து நிற்கிறாள். காலிக் கூடையை வாசலிலேயே வைத்துவிட்டாள். கவிச்சி மட்டும் அவள் கூடவே உள்ளே வந்திருக்கிறது. தொட்டியருகே குனிந்து, தூங்குகிறவரை எழுப்புவதுபோல மெதுவாகக் கூப்பிடுகிறாள்.

“யோவ், நான்தான்யா.”

தண்ணீர் நடுங்குகிறது. நிதானமாக அடித்துக்கொண்டிருந்த இதயம் ஓட்டம் பிடித்ததுபோல் படபடவென்று அடிக்கிறது. கார்குழலி சட்டென்று திரையைப் பார்க்கிறாள். மோட்டாரின் வேகம் துளியும் மாறவில்லை. அன்புசெல்வியின் முகத்தில் ஆச்சரியமே இல்லை. செதில் ஒட்டிய உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்து, அது அடங்கும்வரை அப்படியே நிற்கிறாள்.

“அன்னிக்கி நான் மார்க்கெட்லேர்ந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியாறதுக்குள்ள நின்னுடிச்சி,” என்கிறாள். “இப்பதான் வந்துட்டேன்ல. நிறுத்தும்மா.”

சுவிட்சின் மேல் வைத்த விரலை கார்குழலியால் அழுத்த முடியவில்லை.