வெட்டுமா இந்த வாள்?

"இருக்கிறதிலேயே விலை குறைஞ்ச ஜப்பான் வாள் ஒண்ணு காட்டுங்க தம்பி. இங்கே வாங்கினது மட்டும் என் வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது."

கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தூங்கி எத்தனை நாளாயிற்றோ, கண்ணைச் சுற்றிக் கருத்துக் கிடந்தது.

அவர் கடைக்கு வருகிறவர்கள் வேறு ரகம். சுவரில் மாட்ட வாங்குகிறவர்கள், தற்காப்புக் கலை பழகும் இளவட்டங்கள். வீட்டுப் பெண்மணி ஒருத்தர் தனியாக வந்து வாள் கேட்பது இதுதான் முதல் தடவை.

மேல் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து உறையை உருவினார்.

"விலைதான் கம்மி. வேலையில குறை சொல்ல முடியாது."

"வெட்டுமா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவர் காத்திருப்பார். ஊற வைத்திருந்த செய்தித்தாள் சுருளைத் தாங்கியில் செருகி ஒரே வீச்சு. பாதிச் சுருள் தரையில் விழுந்தது.

"எப்படி?" என்றார் பெருமையாக.

அந்த அம்மா முகம் வெளிறிப் போயிருந்தது.

"லேசா பட்டாக்கூட வெட்டுமா?"

"வெட்டும்."

"தோள்ல பட்டா எவ்வளவு ஆழம் போகும்?"

கடைக்காரர் அவசரமாக வாளை உறையில் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இன்னொரு கை போனைத் தேடியது.

"யாரோட தோள்ம்மா? உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது தகராறா? நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் முதல்ல என் கடைக்குத்தான் வரும்."

"தகராறெல்லாம் இல்லை. உங்ககிட்ட சாணை பிடிக்கிற சக்கரம் இருக்கா?"

"இதுக்கு மேல என்ன கூர் வேணும் உங்களுக்கு?" குரல் அவரை மீறி உயர்ந்துவிட்டது.

"கூர் போடச் சொல்லலை தம்பி. இருக்கிற கூரை எடுத்துடுங்க. நுனியையும் உருட்டிடுங்க. பளபளப்பு மட்டும் போகக் கூடாது. பார்த்தா நிஜ வாள் மாதிரியே இருக்கணும்."

பயம் போய்க் கடைக்காரருக்கு எரிச்சல் வந்தது.

"இருபது வருஷமா கடை வெச்சிருக்கேன். இப்படிக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். அந்த மனுஷன் ஆசைப்பட்டு வாள் கேட்டிருப்பார். நீங்க மொக்கை இரும்பைக் கொண்டு போய்க் கொடுத்து ஏமாத்தப் போறீங்க. அதானே?"

"ஆமா தம்பி. ஏமாத்தத்தான் போறேன். ஜப்பான்லேர்ந்தே வரவழைக்கிறேன்னு புளுகி வெச்சிருக்கேன்."

சொல்லிவிட்டு முக்காலியில் தளர்ந்து உட்கார்ந்தார்.

"சரக்குக் கிடங்குல காவலாளியா இருந்தார். நாலு வருஷத்துக்கு முன்னால ஒரு கும்பல் உள்ளே புகுந்துடுச்சு. கூட வேலை பார்த்த சிநேகிதர் இவர் மடியிலேயே போயிட்டார். கையில ஒரு கம்பு கூட இல்லாமப் போச்சேன்னு அன்னைக்கு ஆரம்பிச்ச புலம்பல்."

போனைத் தேடிய கையைக் கடைக்காரர் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"வாசலைப் பார்த்து நாற்காலியைப் போட்டுக்கிட்டு, மடியில காய் நறுக்குற கத்தியோட உட்கார்ந்திருப்பார். கதவு ஆடினா எழுந்து வீசுவார். வர்றது யாருன்னு அந்த நேரத்துல தெரியாது அவருக்கு. மகனும் மருமகளும் பயந்து போய் வர்றதையே நிறுத்திட்டாங்க. கத்தியைப் பிடுங்கினா அன்னிக்கு முழுக்க நடுங்கறார். 'நல்ல வாள் ஒண்ணு வாங்கிக் கொடு, கத்தியைத் தந்துடறேன்'னு இப்பத்தான் இறங்கி வந்திருக்கார்."

"ஆஸ்பத்திரியில..."

"சேர்த்தேன் தம்பி. கட்டிலோட கட்டிப் போட்டுட்டாங்க. 'நீயும் அவங்க ஆளா?'ன்னு என்னைக் கேட்டார். அன்னைக்கே கூட்டிட்டு வந்துட்டேன். இப்ப மாத்திரைதான்."

கடைக்காரர் வாளை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

அரை மணி நேரம் சக்கரம் சுற்றியது. பொறி பறந்தது. விளிம்பைத் தேய்த்து, நுனியை உருட்டி, மெருகு போட்டு எடுத்து வந்தார். இன்னொரு ஈரச் சுருளைச் செருகி வீசினார். சுருள் மடங்கியது, வெட்டுப்படவில்லை. தன் உள்ளங்கையில் வைத்து இழுத்தார். சிவப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான்.

"என் கையிலேயும் பார்த்துடுங்க" என்று அந்த அம்மா சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார்.

ஆறின தழும்பும் ஆறாத புண்ணும் மாறி மாறி, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை இடமே இல்லை. கடைக்காரருக்குக் கை வரவில்லை. அந்த அம்மாவே வாளை வாங்கித் தோலில் வைத்து அழுத்தி இழுத்துப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார்.

"அம்மா, என் மனசுக்குச் சரியாப் படலை" என்றார் கடைக்காரர். "வெட்டாது, வாஸ்தவம். ஆனா இரும்பு இரும்புதான். ஓங்கி ஒரு அடி விழுந்தா எலும்பு நொறுங்கிடும். இதை நம்பி உங்க உயிருக்கு ஆபத்து இல்லைன்னு நினைச்சுடாதீங்க."

"என் உயிரா?" அந்த அம்மா சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். "அதுக்காக இல்லை தம்பி. வீசி முடிச்ச கொஞ்ச நேரத்துல அவருக்குத் தெளிஞ்சுடும். ரத்தத்தைப் பார்த்ததும், 'ஐயோ, யாரு உன்னை வெட்டினது?'ன்னு என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழறார். அவருக்கு நான் என்னன்னு பதில் சொல்றது? உள்காயம்னா கேக்க மாட்டார்ல."